மலைநாட்டுக் கற்களின் வரலாறு

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதம் நாவலப்பிட்டியைக் கடந்ததும் மூச்சு வாங்கத் தொடங்குகிறது. வட்டவளை, ரொசல்லை, அட்டன், கொட்டகலை, தலவாக்கலை எனப் படிப்படியாக ஏறி அது நானுஓயாவை அடையும் வரையில், பயணிகளின் கண்கள் தேயிலைப் பசுமையின் மீதும் அருவிகளின் மீதுமே படிகின்றன. அதே சாளரத்துக்கு மிக அருகே, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் என்னும்படியாகப் பின்னோக்கி ஓடும் பாறைச் சுவரைக் கவனிப்போர் மிகச் சிலரே. பாதை அமைப்பதற்காக வெட்டப்பட்ட அச்சுவர்களில், பாசி படராத இடங்களில், கருமையும் வெண்மையும் மாறி மாறி வரும் கோடுகள் தென்படும். அவை ஓரிடத்தில் நேராகச் செல்லும். மற்றோரிடத்தில் மடித்து வைத்த சேலையின் விளிம்பு போல வளைந்து, தம்மைத் தாமே தொட்டுத் திரும்பும். வலிய கருங்கல் இவ்வாறு வளைந்தது எப்படி? இவ்வினாவுக்கு விடை காண அறிஞருக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் பிடித்தது.

இருப்புப்பாதை நானுஓயாவை எட்டியது 1885-ஆம் ஆண்டில். கோப்பிப் பயிர் நோயினால் அழிந்து, அதன் இடத்தில் தேயிலை பரவிக்கொண்டிருந்த காலம் அது. பாறையை உடைத்துப் பாதை சமைத்த வேலையில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளருக்குப் பெரும் பங்கு உண்டு. கடலைக் கடந்து அந்நிய மண்ணுக்கு வந்தோம் என்று எண்ணிய அவர்கள், தங்கள் ஊர்ப்புறத்து மலைகளிற் கண்ட அதே குலத்துக் கல்லையே இங்கும் உடைத்தனர். ஆனால் அதை எடுத்துச் சொல்ல அன்று எவரும் இருக்கவில்லை.

முதலிற் சொல்லத் தொடங்கியவர் ஒரு தமிழ்த் தந்தையின் மைந்தர். ஆனந்தக் குமாரசுவாமி என்னும் பெயரைக் கேட்டவுடன் நடராசர் திருவுருவத்தின் தத்துவமும் கீழைநாட்டுக் கலைகளின் பெருமையுமே நினைவுக்கு வரும். அவர் முறையாகக் கற்ற கல்வி கல்லைப் பற்றியதே என்பதைப் பலர் மறந்துவிட்டனர். 1877-இல் கொழும்பிற் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த அவர், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்றார். 1900-இல் இலங்கையின் பாறைகளையும் காரீயத்தையும் பற்றியும், 1902-இல் இங்குள்ள பளிங்குச் சுண்ணக்கற்களைப் பற்றியும் இலண்டன் புவிச்சரிதவியற் சங்கத்தின் இதழில் எழுதினார். 1903 முதல் 1906 வரையில் இலங்கைக் கனிப்பொருளாய்வின் முதற் பணிப்பாளராக இருந்தார். மாணிக்கம், காரீயம் முதலிய விலையுள்ள பொருள்கள் எங்கே கிடைக்கும் என்பதை அறிவதே அரசாங்கம் அவரிடம் எதிர்பார்த்தது. அவரோ கல்லைத் தேடி ஊர் ஊராகச் சென்ற வழியிற் கல்தச்சரையும் நெசவாளரையும் கண்டு, அழிந்துவரும் அவர்களது கைத்தொழில்களை எண்ணி வருந்தி, 1908-இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். கல்லுக்கு நேர்ந்த இழப்பு கலைக்கு இலாபமாயிற்று எனலாம்.

ஆயினும் அந்தக் குறுகிய காலத்துக்குள் அவர் கண்டறிந்த ஒரு பொருள் உலக விஞ்ஞானத்தையே அசைத்தது. 1904-இற் சப்பிரகமுவைப் பகுதியின் மணிக்கற் படிவுகளிலிருந்து வந்த பாரமான கரிய சிறு கனசதுரங்கள், தோரியனைற்று என்னும் புதிய கனிமம் என்று தெரியவந்தன. ஓட்டோ ஹான் என்னும் செருமானிய இளைஞர் இலண்டனில் இக்கனிமத்தை ஆராய்ந்தே ரேடியோதோரியம் என்னும் கதிரியக்கப் பொருளை 1905-இல் அறிவித்தார். பிற்காலத்தில் அணுவைப் பிளந்த பெருமைக்குரியவரும் அவரே. 1910-இல் ஸ்ட்ரட் என்னும் ஆங்கிலப் பௌதிகர், தோரியனைற்றுக்குள் ஈலியம் வாயு எவ்வளவு மெதுவாக ஊறுகிறது என்பதை அளந்து, அதிற் சிறைப்பட்டிருக்கும் வாயுவைக் கொண்டு கல்லின் வயதைக் கணக்கிடலாம் என்று காட்டினார். உலகப் பாறைகளுக்கு வயது சொல்லும் கலையின் தொடக்கப் பாடங்களுள் ஒன்று இலங்கைக் கனிமத்தை வைத்தே எழுதப்பட்டது என்பது நம்மவர் அதிகம் பேசாத செய்தி.

இனி வளைந்த கோடுகளுக்கு வருவோம். கருங்கல்லை வளைக்க முயன்றால் அது உடையும் என்பதே உலக வழக்கு. கனடா நாட்டு மொன்றியல் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராங்க் டோசன் அடம்ஸ் என்னும் பேராசிரியர், நிக்கல்சன் என்னும் பொறியியலாளரின் துணையோடு இதைச் சோதித்துப் பார்த்தார். இத்தாலியின் கராராப் பளிங்குக்கல்லைச் சிறு தூண்களாகக் கடைந்து, அவற்றைத் தடித்த இரும்புக் குழாய்களுள் இடைவெளியில்லாமற் பொருத்தி, பெரும் அழுத்தப் பொறியினால் இரு முனைகளிலிருந்தும் மெல்ல மெல்ல நெருக்கினர். சில தூண்களை நெருக்கும்போதே 300, 400 பாகை வரையிற் சூடாக்கினர். சோதனை முடிந்து குழாயை அறுத்துப் பார்த்தபோது, பளிங்கு தூளாகவில்லை. பீப்பாய் போல நடுவில் உப்பிய உருவத்தோடு ஒரே கல்லாக நின்றது. நுணுக்குக்காட்டியின் கீழ் அதன் மணிகள் தட்டையாகி முறுகிக் கிடந்தன. கல்லும் ஓடும் என்று 1901-இல் அவ்விருவரும் உலகுக்கு அறிவித்தனர். நான்கு புறமும் நெருக்கம் இருத்தல் வேண்டும், சூடு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமை வேண்டும். கொல்லனுலையில் இரும்பு உருகாமலே இளகிக் கொடுப்பது இதற்கு நல்ல உவமை. இதே அடம்ஸ் முதுமையில் இலங்கையின் பாறைகளை ஆராய்ந்து, 1929-இல் இலங்கையின் புவிச்சரிதம் பற்றி விரிவான ஆய்வுக் கட்டுரையொன்றை வெளியிட்டார். ஆய்வுகூடத்துக் குழாயில் விரலளவு கல்லுக்குத் தாம் செய்ததை இயற்கை மலையளவிற் செய்துவைத்திருந்த நாட்டுக்கே அவர் வந்து சேர்ந்தது பொருத்தமான நிகழ்ச்சி அன்றோ!

அவ்வாறாயின் மலைநாட்டுக் கற்கள் வளைவதற்கு முன் என்னவாக இருந்தன? இதை அவற்றின் சாதியே சொல்லிவிடுகிறது. மாத்தளை, கண்டிப் பக்கங்களிற் சூளைகளுக்கு வெட்டும் பளிங்குச் சுண்ணக்கல் ஒருகாலத்திற் கடலடியிற் படிந்த சுண்ணாம்பு. முதுகெலும்பு போல நீண்டு நிற்கும் வெண்ணிறக் குவாட்சுப்பாறை தூய கடல்மணல். கார்னெற்று என்னும் செந்நிற மணிகள் பதிந்து, சிலிமனைற்று ஊசிகளும் காரீயப் பொட்டுகளும் மின்னும் கல், சேறாய்க் கிடந்த களிமண். ஒரிசாவின் கோண்டு மக்களின் பெயரால் இந்தக் கடைசி வகைக்குக் கொண்டலைற்று என்ற பெயர் வழங்குகிறது. சேற்றைச் சிறிது சூடாக்கினாற் பலகைக்கல் ஆகும். மேலும் சூடாக்கினாற் காக்காய்ப்பொன் என்னும் அபிரகம் மினுங்கும் கல்லாகும். இன்னும் ஆழத்துக்குச் சென்றால் அபிரகமும் தன் நீரை இழந்து, கார்னெற்றாகவும் சிலிமனைற்றாகவும் பெல்சுபாராகவும் மாறிவிடும். நீர் வற்றிய இந்தக் கடைசிப் படியில் நிற்பவையே அட்டன், நுவரெலியாப் பாறைகள். கனிமங்களின் சேர்க்கையைக் கொண்டு கணக்கிடுகையில், மலைநாட்டுப் பாறைகள் பெரும்பாலும் 700 முதல் 900 பாகை செல்சியஸ் வரையிலான சூட்டையும், சில இடங்களில் அதற்கு மேற்பட்ட சூட்டையும் கண்டவை. கிழக்குப் பகுதியின் கற்கள் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் ஆழத்தின் பாரத்தைச் சுமந்தவை. இன்று பீதுருதாலகால மலை கடல்மட்டத்துக்கு மேல் 2,524 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதன் கற்கள் கண்ட பள்ளத்தோடு ஒப்பிட்டால் இவ்வுயரம் ஒரு பொருட்டே அன்று.

ஒரு தவறான எண்ணத்தை இங்கே நீக்குதல் நன்று. பாறையில் தெரியும் கோடுகளைப் பழைய கடற்படிவின் அடுக்குகள் என்றே பலர் கொள்கின்றனர். அவை பெரும்பாலும் அவ்வாறு அல்ல. நெருக்குண்ட கல்லில் ஒவ்வொரு கனிமமும் நெருக்கம் வந்த திசைக்குக் குறுக்கே திரும்பி வரிசைப்பட்டு நின்றதனால் விளைந்த புதிய ஒழுங்கே இக்கோடுகள். மடிப்பும் ஒரு முறையோடு நிற்கவில்லை. முதலிற் படுக்கையாக மடிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கற்கள், பின்னர் ஏறத்தாழ வடக்குத் தெற்காக நீண்ட செங்குத்து மடிப்புகளாக மறுபடியும் வளைந்தன. மடித்த துணியை மறுபடி மடித்தாற் போன்ற இந்தச் சிக்கலினாலேயே, எந்தப் படை கீழே இருந்தது, எது மேலே இருந்தது என்று இங்கே எளிதிற் கூற முடிவதில்லை.

கருமையும் பசுமையும் கலந்த நிறத்தோடு, எண்ணெய் பூசியது போலப் பளபளக்கும் சார்னோக்கைற்று என்னும் பாறைக்குத் தனி வரலாறு உண்டு. கல்கத்தா நகருடன் பெயர் இணைந்த ஜோப் சார்னக் என்பவரின் கல்லறையை மூடியிருந்த கல்லைக் கண்ட தோமஸ் ஹாலந்து என்னும் அறிஞர், 1893-இல் அக்கல்லுக்கு அவர் பெயரையே சூட்டினார். கல் வெட்டியெடுக்கப்பட்ட இடமோ சென்னையை அடுத்த பல்லாவரம்! பரங்கிமலையும் ஏற்காட்டுச் சேர்வராயன் மலையும் நீலகிரியும் இக்கல்லாலானவை. நுவரெலியாவிலும் உதகமண்டலத்திலும் தேயிலை வேர்கொள்வது ஒரே குலத்துக் கல் கரைந்த மண்ணில்தான். இக்கல் உருகிய குழம்பு உறைந்து உண்டானது என்று ஹாலந்து கருதினார். 1960-இல் மைசூர் நாட்டைச் சேர்ந்த பிச்சமுத்து என்னும் அறிஞர், கப்பல்துர்க்கத்துக் கற்குழிகளிற் சாம்பல் நிறக் கல்லின் நடுவே கரும்பச்சைத் திட்டுகளாகச் சார்னோக்கைற்றுப் பிறந்துகொண்டிருந்த நிலையிலேயே உறைந்துபோனதைக் கண்டு எழுதினார். குழம்பாக ஓடாமலே, இருந்த இடத்திலேயே ஒரு கல் மற்றொரு கல்லாக மாறும் என்பதற்கு அது கண்கண்ட சாட்சி. இத்தகைய திட்டுகள் பின்னர் இலங்கையிற் குருநாகற் பகுதியிலும் ஆராயப்பட்டன.

இவையெல்லாம் நிகழ்ந்த காலத்தை அறிய 1980-களின் புதிய கருவிகள் உதவின. சிர்க்கன் என்னும் சிறு மணியில் யுரேனியம் ஈயமாக மாறும் அளவைக் கொண்டு, செருமானிய அறிஞர் குரோனரும் இலங்கைப் பேராசிரியர் விதானகேயும் அவர்களது கூட்டாளிகளும் 1987-இலும் அதன் பின்னரும் வெளியிட்ட முடிவுகள் வியப்புக்குரியவை. மலைநாட்டுக் கல்லாய்ப் போன பழங்கடல் மணலின் மணிகள் 320 கோடி முதல் 240 கோடி ஆண்டு வரை வயதுடையவை. அவற்றைச் சூடேற்றி மடித்த பெருநிகழ்ச்சியோ ஏறக்குறைய 61 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நேர்ந்தது. தென்னிந்தியா, மடகாசுகர், கிழக்கு அந்தாட்டிக்கா ஆகிய நிலங்கள் இலங்கையை நடுவிலிட்டு மோதி, கொண்டுவானா என்னும் பெருங்கண்டமாகப் பொருந்திய காலம் அது. பனி மூடிய அந்தாட்டிக்காவில் ஜப்பானியரின் ஷோவா நிலையம் அமைந்திருக்கும் கரையிலும் இதே குலத்துக் கற்கள் உள.

அந்த மோதலின் சாட்சியைக் காண அந்தாட்டிக்கா வரை செல்லவேண்டியதில்லை. கதிர்காமத்துக்குச் சென்றாலே போதும். 1991-இற் குரோனர், குரே, விதானகே ஆகியோர் வகுத்தபடி, மலைநாட்டுத் தொகுதிக்குக் கிழக்கே விஜயன் தொகுதி என்னும் வேறு குலத்துக் கற்கள் பரந்துள்ளன. கதிர்காமம் நிற்பது அந்தக் கிழக்கு நிலத்தில். ஆனால் அங்குள்ள குன்றுகள் மலைநாட்டுக் கற்களாலானவை. மலைநாட்டுப் பாறைத்தொகுதி விஜயன் பாறைகளின் மீது தகடு போலத் தள்ளப்பட்டு ஏறியது. பின்னர் இடையிலுள்ள பகுதி தேய்ந்து மறைய, கதிர்காமத்திலும் புத்தளையிலும் சில துண்டுகள் மட்டும் தனித்து எஞ்சின. கண்டிச் சீமையின் கல் கதிர்காமத்தில் தங்கியதென்றாற் கேட்போர் புராணம் என்பர்.

ஆழத்திற் கிடந்தவை உயர்ந்து வந்தது எவ்வாறு என்பதில் அறிஞரிடையே நெடுங்காலம் வழக்கு இருந்தது. இலங்கை மூன்று படிகளாக அமைந்தது; கடற்கரைச் சமவெளி, நடுப்படி, நுவரெலியா, ஓட்டன் சமவெளி போன்ற மேற்படி. 1938 முதல் 1944 வரையில் இலங்கையின் அரசாங்கக் கனிப்பொருளியலாளராகப் பணியாற்றிய வாடியா என்னும் இந்திய அறிஞர், நிலம் பாளம் பாளமாக மேலே தூக்கப்பட்டதே இதற்குக் காரணம் என்றார். அழகிய கொள்கைதான், ஆனால் அவ்வாறு தூக்கிய பெரும் பிளவுகள் அவர் எதிர்பார்த்த இடங்களில் தெளிவாகக் கிடைக்கவில்லை. பிற்காலத்தவரோ, வலிய சார்னோக்கைற்றும் குவாட்சுப்பாறையும் முகடுகளாக நிற்க, மெலிந்த பளிங்கு பள்ளத்தாக்காகக் கரைவதையும், ஆறுகள் மடிப்பின் போக்கையே பின்பற்றி ஓடிப் பின் திடீரெனக் குறுக்கே திரும்புவதையும் சுட்டினர். பழைய மடிப்பே இன்றைய மலையின் உருவத்தை எழுதுகிறது என்பது அவர்கள் கருத்து. இதுவே கூடுதற் பொருத்தமாகத் தோன்றுகிறது.

மலைநாட்டுத் தோட்டங்களில் வாழும் மக்களுக்கு இக்கருத்து ஏட்டுச் சுரைக்காய் அன்று. பாறையின் கோடுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்க, மலையின் சரிவும் அதே பக்கமாக இருந்தால், மேலே கிடக்கும் மண் சாய்த்துவைத்த பலகைமீது இட்ட சுமை போன்றது. மழைநீர் ஊறிக் கீழேயுள்ள பாறையின் வழவழத்த முகத்தை அடைந்ததும் பிடிப்பு விட்டுப்போகிறது. எதிர்ப்பக்கம் செங்குத்தாக நிற்கும் பாறை முகத்தின் அடிவாரத்திலோ, யுகயுகமாக உதிர்ந்த கல்லும் மண்ணும் குவிந்து கிடக்கும். அவ்விடம் சற்றுத் தட்டையாயிருக்கும். ஊற்று நீரும் கிடைக்கும். லயம் கட்டுவதற்கு வசதியான இடமாகத் தோன்றியதும் பல தோட்டங்களில் இத்தகைய இடமே. அது பழைய சரிவொன்றின் வயிற்றின்மீது அமைந்த வீடு என்பதை அன்று கட்டியவர் எண்ணிப் பார்க்கவில்லை. மாணிக்கம் எங்கே என்று தேட 1903-இலேயே ஆய்வு தொடங்கிய நாட்டில், எந்த மலை சரியும் என்று முறையாகப் படம் வரையும் வேலை, 1986 சனவரியில் மலைநாட்டில் நேர்ந்த பெருஞ்சரிவுகளுக்குப் பின்னர், 1990-இலேதான் தொடங்கிற்று.

மண்ணின் கதையும் இதனோடு சேர்ந்ததே. மேல் மகாவலிப் பள்ளத்தாக்கின் ஆற்று மணலில், வானிலிருந்து வரும் கதிர்களால் உண்டான பெரிலியத்தை அளந்து 2003-இல் வெளியான ஆராய்ச்சியொன்று, காடு மூடிய மலையில் மண் பிறப்பதும் கழிவதும் மிக மிக மெதுவாகவே நடைபெறுகின்றன என்று காட்டியது. மலைமுகட்டில் ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவே தேய்கிறது. ஆனால் பயிரிட்ட சரிவுகளில், மண் பிறக்கும் வேகத்தைப்போல் பத்து முதல் நூறு மடங்கு வேகத்தில் அது கழிந்து போகிறது. தோட்டத்தில் மழைக்காலத்துக்கு முன் கான் வெட்டுவதும், வெட்டிய கானைத் துப்புரவாக்குவதும் கூலிக்குச் செய்யும் சில்லறை வேலையாகக் கருதப்படுகின்றன. உண்மையில் நீரை மலைக்குள் ஊறவிடாமலும், மண்ணை அரித்துச் செல்லவிடாமலும் காக்கும் வேலை அதுவே. கான் தூர்ந்த மலையில் இரண்டு கேடும் ஒருங்கே வரும்.

2014 ஒக்டோபர் 29-ஆந் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுள் மறைந்தன. அந்த இடம் ஆபத்தானதென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கையைக் கேட்ட மக்களுக்குக் குடிபெயர்ந்து செல்ல அவர்கள் பெயரில் ஒரு துண்டு நிலமும் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் கொணர்ந்த மழையினால் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் மறுபடியும் பல இடங்களிற் சரிந்து, பெரும் உயிர்ச்சேதம் நேர்ந்தது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இன்று பாறையின் சாய்வு, மண்ணின் ஆழம், நீரோட்டம், சரிவின் செங்குத்து ஆகியவற்றைச் சேர்த்து ஆபத்துப் படங்களை வரைந்து வைத்துள்ளது. சரிவுக்கு முன் நிலம் தரும் அறிகுறிகளையும் அது மக்களுக்கு எடுத்துரைக்கிறது: தரையிற் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரெனத் தோன்றும் ஊற்று, தெளிந்து வந்த ஊற்று கலங்கி வருதல், மூட முடியாமல் இறுகிப்போகும் கதவு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 மில்லிமீட்டரானால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீட்டரைத் தாண்டினால் உடனே வெளியேற வேண்டும். இதற்கென எளிய மழைமானிகளும் சில இடங்களிற் கொடுக்கப்பட்டுள்ளன. ஆயினும் கனமழை இரவிலும் பிடிக்கிறது. பகலெல்லாம் கொழுந்து பறித்த களைப்போடு லயம் உறங்குகையில், மழைமானியில் நீர் ஏறுவதைக் கைவிளக்குடன் சென்று பார்த்துவர ஒவ்வொரு வரிசைக்கும் ஒருவர் விழித்திருக்க வேண்டியிருக்கிறது.